திரும்பி வருவதற்கு மிச்சம்

சின்னமனூர்
9 ஜூன் 2025

சுப்பு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று மேகமலையில் இருந்தபடியே திட்டுவாய். என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. செய்யாவிட்டாலும் உன் எஸ்டேட்டில் டவர் கிடையாதாம். கோம்பைக்குப் போய் உன் அண்ணன் ஈஸ்வரபாண்டியிடம் விலாசம் வாங்கினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதிக் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் "தோழிக்குக் கடிதம்" எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதற்குப் பத்துக்கு ஆறு போட்டார்கள். இதற்கு நீ என்ன போடுவாயோ தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஓர் இன்வெர்ட்டர் போர்டு சரிசெய்யப் போடிக்குப் போயிருந்தேன். ஏலக்காய் குடோன் வைகுண்டராஜ் அண்ணாச்சி கண்ணில் பட்டுவிட்டேன். ஒளியலாம் என்றால் இடமில்லை. ஆனால் அவர் திட்டவில்லை. "ஏம்மா, அந்தப் பறக்குற பூச்சி இருக்கா, செத்துப்போச்சா?" என்று கேட்டார். அவருடைய ஆள் ஒருவர் மூட்டை அடுக்கின் மேலே ஏறி ஈரம் பார்க்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறாராம். இனி யாரையும் ஏற்றப் பயமாக இருக்கிறது என்றார். "ஆவணி பொறக்கவும் கொண்டுவந்து ஒருக்கா காட்டு. குடோன் முழுக்கச் சுத்தணும். மறுபடி பாதியில விழுந்துச்சுன்னா இந்தப் பக்கமே வந்துராத, ஆமா."

தட்டான் சாகவில்லை சுப்பு. உள்ளங்கையில் அடங்குகிற அந்த நாற்பத்திரண்டு கிராம் ட்ரோன் பூச்சியை நீயும் நானும் நாலு வருடம் சேர்ந்து கட்டினோம், அதை எப்படிச் சாக விடுவேன்? இன்றைக்கும் மூட்டைகளுக்கு மேலே நின்று ஈரத்தை அளக்கிறது. தொல்லை பழைய தொல்லைதான். குடோனில் நாற்பத்தெட்டு இடம் பார்க்க வேண்டும். ஒரு பேட்டரிக்கு ஏழு நிமிடம் இருபது விநாடி பறக்கிறது, முப்பது இடத்தோடு அதற்கு மூச்சு வாங்குகிறது. பெரிய பேட்டரி வைத்துப் பார்த்தேன். அந்தப் பேட்டரியின் கனத்தைத் தூக்கவே பேட்டரி தீர்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதில் என் மூளை ஓடாது. உனக்குத்தான் ஓடும்.

நம் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் செல்லப்பாண்டி அண்ணனையும் பார்த்தேன். "ஆடியில எவன் கல்யாணம் பண்றான், நீங்க வந்து பறக்க விடுங்க. இன்னொரு புள்ள எங்கன?" என்றார். மண்டபம் எந்தத் தேதியில் காலி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் ஆடி எப்போது போகும் என்றிருக்கும், நமக்கு மட்டும் எப்போது வரும் என்றிருக்கும். காற்றில்லாத, உயரமான, காலியான இடம் ஓசியில் வேறு எங்கே கிடைக்கும்? பந்தியில் சிந்திய ரசத்தின் வாசனை இருக்கும், மேடையில் யாரோ விட்டுப்போன மாலை வாடிக் கிடக்கும். அதற்கு நடுவில் நாம் இரண்டு பேரும் சிவப்புக் கம்பளத்தில் மல்லாந்து படுத்து, மேலே தட்டான் போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்று போடியில் நடந்தது நடந்துவிட்டது, அதை விடு. வா.

ரோஸ்லின்


மேகமலை
18 ஜூன் 2025

ரோஸ்லின்,

பத்துக்கு நாலு.

அவ்வளவு நீளக் கடிதத்தில் எனக்கென்று இருந்தது ஒரே வரி. "நடந்தது நடந்துவிட்டது, அதை விடு." கீழே விழுந்தவள் அப்படிச் சொல்லலாம், தள்ளிவிட்டவள் சொல்லக் கூடாது.

உனக்கு மறந்திருக்கும், நான் எழுதுகிறேன். 2023 புரட்டாசி. அதே குடோன். பதினைந்து இருபது ஏலக்காய் வியாபாரிகள் நின்று பார்க்கிறார்கள். எட்டாவது நிமிடத்தில் தட்டான் மூட்டைகளுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. என்னாச்சு என்று அண்ணாச்சி கேட்டார். நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சுப்பு சார்ஜ் போடாம கொண்டுவந்துட்டா அண்ணாச்சி" என்றாய். கூட்டம் சிரித்தது. நான் அன்று காலையிலிருந்து நாலு பேட்டரியையும் ஒவ்வொன்றாகச் சார்ஜ் போட்டு, தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்து, துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தவள்.

அந்தச் சிரிப்பு போடியோடு நிற்கவில்லை. கோம்பை ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா, "நீதான் சார்ஜ் போட மறந்த புள்ளையா?" என்று கேட்டது. தேனியில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனால், அங்கே உட்கார்ந்திருந்தவரும் அதையே சொல்லிச் சிரித்தார். எலக்ட்ரிகல் படித்தவளுக்கு இதைவிடக் கேவலமான பெயர் உண்டா? அதனால்தான் இந்த மலைக்கு வந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. சின்னமனூரிலிருந்து மேலே வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிற ரோடு. போடி வியாபாரி ஒருவரும் இங்கே ஏறி வரமாட்டார், அது போதும்.

உனக்கு நான் வேண்டுமென்றால் ஒன்று செய். அதே குடோனில், அதே ஆட்கள் முன்னால், "சுப்பு சார்ஜ் போட்டிருந்தாள்" என்று சொல். சொன்னால் இறங்கி வருகிறேன். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்.

சுப்புத்தாய்

பின்குறிப்பு: ஒவ்வொரு மூட்டைக்கு மேலும் தட்டான் எத்தனை விநாடி நிற்கிறது? உனக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.


சின்னமனூர்
27 ஜூன் 2025

சுப்பு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரேஷன் கடை விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இன்டர்வியூ விஷயமும் தெரியாது. அன்று என் வாயில் அப்படி வந்துவிட்டது. அத்தனை பேர் முறைத்துப் பார்க்கும்போது மனுஷிக்கு என்ன வரும்? கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன், உன்னைத்தான் பிடித்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு. இதை நூறு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன்.

ஆனால் அண்ணாச்சி முன்னால் சொல் என்கிறாயே, யோசித்துப் பார். "அப்ப என்னத்தால விழுந்துச்சு?" என்று அடுத்த கேள்வி கேட்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்கே இன்றைக்கு வரை தெரியாது. காரணம் தெரியாத பூச்சியை மறுபடி குடோனுக்குள் விடுவாரா? இருக்கிற ஒரே வாய்ப்பும் போய்விடும். தட்டானைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு உன் பெயரைக் காப்பாற்றலாம், இல்லையா? பொறுமையாக, ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆறு விநாடி. எழுதிய பிறகுதான் பெருக்கிப் பார்த்தேன். நீ எதற்குக் கேட்டாய் என்று புரிந்து தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. டயர் கடைக்கு மேலே அதே அறையில்தான் இருக்கிறேன். உன் மேஜையில் இன்வெர்ட்டர் போர்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் நாற்காலியை நகர்த்தவில்லை. கீழே ரப்பர் எரிகிற நாற்றம் வந்தால் நீ ஜன்னலைச் சாத்துவாய், எனக்குப் புழுங்குகிறது என்று நான் திறப்பேன். இப்போது சாத்த ஆளில்லை. நாற்றத்தோடேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ரோஸ்லின்


மேகமலை
7 ஜூலை 2025

ரோஸ்லின்,

முப்பது இடம், இடத்துக்கு ஆறு விநாடி, ஆக மூன்று நிமிடம். ஏழு நிமிடத்தில் மூன்று நிமிடம் உன் தட்டான் அந்தரத்தில் சும்மா நின்றே பேட்டரியைத் தின்கிறது. பறப்பதற்கும் நிற்பதற்கும் அதற்கு ஏறக்குறைய ஒரே செலவுதான். மனிதன்போல் நின்றால் களைப்பாறும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு நிற்பதுதான் பெரிய வேலை.

நிற்காதே, உட்கார். மூட்டையின் மேல் இறங்கி மோட்டாரை அணைத்துவிடு. ஆறு இல்லை, பத்து விநாடிகூட அளந்துகொள். சென்சாருக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. மறுபடி எழும்ப ஒரு விநாடிச் செலவு கூடும், ஆறு கொடுத்த இடத்தில் ஒன்று கொடுப்பாய். இறக்கைக் காற்று ஈரத்தைக் கலைக்காது என்பதால் அளவும் சுத்தமாக வரும். இத்தனை நாள் நாம் அளந்ததில் பாதி நம் காற்றைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, வாசலிலிருந்து ஆரம்பிக்காதே. இங்கே மழை பிடித்தால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஃபியூஸ் போகும். வந்த புதிதில் பக்கத்து வீட்டில் ஆரம்பித்துக் கடைசி லைனில் முடிப்பேன். அங்கே நிற்கும்போது கால் ஓய்ந்திருக்கும், திரும்பி வர வேண்டிய தூரம் முழுசாக மிச்சமிருக்கும். இப்போது தெம்பாக இருக்கும்போதே நேராகக் கடைசி லைனுக்குப் போய்விடுகிறேன். வேலையைப் பார்த்துக்கொண்டே திரும்புகிறேன். தூரம் ஒன்றுதானே என்பாய். தூரம் ஒன்றுதான், பயம் குறைகிறது. வீடு வீடாக என் அறை பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். தட்டானும் அப்படிப் போகட்டும். உயரமான அடுக்கும் தூரமான அடுக்கும் முதலில். நடுவில் தளர்ந்தாலும் வாசல் கிட்டத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. மூன்றரை வோல்ட் வந்ததும் தட்டான் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று ஓர் எண் வைத்தோம். அது திரும்பி வருவதற்கான மிச்சம். பேட்டரி காலியாகிறபோது ஒழுங்காக இறங்காது, மலையிலிருந்து உருளுவதுபோல் ஒரே சரிவாகச் சரியும். ஆகவே அந்த எண்ணைத் தொடாதே.

இதெல்லாம் உனக்காக எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருடமாகத் தட்டானை நினைக்காத நாள் கிடையாது. தேயிலை வாட்டுகிற மாடி இங்கே நீளமாக இருக்கும், விசிறிகளை நிறுத்தினால் காற்று அசையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், இங்கிருந்து அங்கே போக எத்தனை விநாடி என்று வெறுங்கையோடு எண்ணிக்கொண்டிருப்பேன். கூட வேலை பார்க்கும் ராக்கம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "யாரத் தேடுற சுப்பு?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியாது" என்று நீ எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன்.

சுப்புத்தாய்


சின்னமனூர்
30 ஜூலை 2025

சுப்பு,

பதினொரு நிமிடம் நாற்பது விநாடி! நாற்பத்தெட்டு இடமும் முடிந்தது! காற்றில் இருந்தது ஏழு நிமிடம்தான், மிச்ச நேரம் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. கத்திவிட்டேன். மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

முதலில் இருந்து சொல்கிறேன். மண்டபத்து நாற்காலிகளை அடுக்கி, மேலே சாக்கு விரித்துக் குடோன் மாதிரி ஆக்கினோம். முதல் நாள் தட்டான் உட்கார்ந்தது, எழவில்லை. சாக்கு நார் காலில் சிக்கிக்கொண்டது. மோட்டார் முக்கி முனகி, மிச்சப்படுத்தியதை எல்லாம் அங்கேயே தொலைத்தது. காலுக்கு வழுவழுப்பாக, கனமில்லாமல் ஏதாவது வேண்டும். மூன்று நாள் தேடினேன். கடைசியில் ராயப்பன்பட்டி வீட்டில் அறுந்து கிடந்த பிளாஸ்டிக் ஜெபமாலையில் நாலு மணியை எடுத்துக் கால் நுனிகளில் ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டது. "ஜெபமால மணிய எடுத்துப் பூச்சி காலுல ஒட்டுறியே, நீயெல்லாம் உருப்படுவியாடி?" என்று ஒரு பாட்டம். இருதயம்மாள் வாயை உனக்குத் தெரியுமே. ஆனால் அதற்குப் பிறகு தட்டான் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. இப்போது அம்மா தெருவெல்லாம், மாதா புண்ணியத்தில்தான் அது பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கத்தி முடித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினேன், நீ இருப்பாய் என்று. செல்லப்பாண்டி அண்ணன் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். "நல்லாப் பறக்குதும்மா. ஆனா ரெண்டு பேரா வந்தப்ப இருந்த சத்தம் இல்ல" என்றார். முதன்முதலில் தட்டான் பறந்த ஆடியில், நீ மணமகள் அறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று, "இனிமே எனக்கு மாப்பிள்ளை வேணாம், இது போதும்" என்று சொன்னாய். நான் சிரித்துச் சிரித்துக் கம்பளத்தில் உருண்டேன். நேற்று அந்த அறையைத் திறக்காமலேயே வந்துவிட்டேன்.

மூன்றரையைத் தொடவில்லை. நீ எழுதிய அந்தப் பத்தியை மட்டும் என்னால் நேராகப் படிக்க முடியவில்லை.

ரோஸ்லின்


ராயப்பன்பட்டி
14 ஆகஸ்ட் 2025

சுப்பு,

அப்பா வீட்டில் இருந்து எழுதுகிறேன். நாளை மாதா திருநாள். திருநாளுக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனேன். இரண்டு வருடமாக அங்கே மண்டியிடுவேன், சின்னச் சின்னதாக எதையாவது சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இன்று சொல்லிவிட்டேன். சாமியார் ஒன்றும் திட்டவில்லை. "சம்பந்தப்பட்ட பிள்ளைகிட்டச் சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் சொல்கிறேன். தட்டான் எதனால் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அன்றே தெரியும்.

அன்று காலை நீ பேட்டரிகளோடு பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். நான் முன்னதாக, என்னிடம் தனியாக இருந்த ஒரு பேட்டரியில் குடோனில் ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்த்தேன். ஏழு நிமிடத்தில் மூன்றரை வோல்ட் என்று சொல்லி வாசலுக்கு ஓடி வந்துவிட்டது. கடைசி அடுக்கு வரை போகவே இல்லை. இத்தனை பேர் முன்னால் இது பாதியில் ஓடி வந்தால் அசிங்கம் என்று தோன்றியது. உன்னைக் கேட்டால் விடமாட்டாய். ஆகவே நீ வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்து மூன்று புள்ளி ஐந்தை மூன்று புள்ளி ஒன்று ஆக்கினேன். ஒரே ஓர் எண்தானே என்று நினைத்தேன். திரும்பி வருவதற்கு வைத்திருந்ததை எடுத்துப் போவதற்குக் கொடுத்துவிட்டேன். போயிற்று, திரும்பவில்லை.

அது விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் உன் பெயரைச் சொன்னேன். நீ சார்ஜ் போட்டிருந்தாய் என்று தெரிந்தே சொன்னேன். "வாயில் அப்படி வந்துவிட்டது" என்று ஜூன் மாதக் கடிதத்தில் எழுதியதும் பொய், "எனக்கே தெரியாது" என்றதும் பொய்.

22ஆம் தேதி வெள்ளிக்கிழமை குடோனில் காட்டுகிறேன். அன்று சொல்லிவிடுவேன். சொன்னால் அண்ணாச்சி என்னை வெளியே போகச் சொல்லலாம். சொல்லட்டும். நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, கேட்கவும் இல்லை.

ரோஸ்லின்


மேகமலை
14 ஆகஸ்ட் 2025

ரோசு,

ஜெபமாலை மணியைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இருதயம்மாள் அம்மா குரல் அப்படியே கேட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இனி ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது.

இத்துடன் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். தட்டானுடையது. அன்று மூட்டைகளுக்குப் பின்னால் போய் அதை எடுத்தவள் நான்தான், நினைவிருக்கிறதா? கார்டை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோம்பைக்குப் போனதும் திறந்து பார்த்தேன். கிளம்பும்போது நாலு புள்ளி ஒன்று ஒன்பது வோல்ட். முழுச் சார்ஜ். திரும்பும் எண் மூன்று புள்ளி ஒன்று. அதை மாற்றியது நான் இல்லை, ஆகவே யார் என்று தெரிந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் வாயை மூடிக்கொண்டது அந்தப் பதினைந்து பேருக்குப் பயந்து இல்லை. உன் அப்பா இஞ்ஞாசிமுத்து மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். நம் எல்லாருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மக பறக்க வச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான் போட்டேன், என்னமோ நடந்திருக்கு" என்று அன்று நான் வாயைத் திறந்திருந்தால், அவர் முன்னாலேயே உன்னைக் கேட்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. சரி, நாளைக்கு அவளே சொல்லுவாள் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் உன் நம்பரை பிளாக் செய்தேன். நீ எண்ணை மாற்றியதில்கூட எனக்குக் கோபமில்லை, அந்த அவசரம் எனக்குத் தெரிந்த உன் அவசரம்தான். பயத்தில் என் பெயரைச் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அந்த மறுநாளைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஆனால் இந்த இரண்டு மாதம் உன் கடிதங்களைப் படித்துப் படித்து, என் பெயரைவிட அந்த ஆடி மாதங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. இது என் பலவீனம். ஆகவே நிபந்தனையை எடுத்துவிட்டேன். நீ குடோனில் ஒன்றும் சொல்ல வேண்டாம். கார்டு இனி உன்னுடையது, உடைப்பதானால் உடைத்துவிடு. என்னை மட்டும் அங்கே கூப்பிடாதே. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

குடோன் தகரக் கூரை. மதியச் சூட்டில் விடாதே, காலையில் விடு.

சுப்பு


சின்னமனூர்
24 ஆகஸ்ட் 2025

சுப்பு,

ஒரே நாளில் எழுதி, வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன நம் கடிதங்கள். உன்னுடையது பதினெட்டாம் தேதி வந்தது. "ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்று படித்ததும், கூசாமல் சொல்கிறேன், ஒரு நிமிடம் அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். பிறகு கார்டை லேப்டாப்பில் போட்டேன். நாலு புள்ளி ஒன்று ஒன்பது. ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குடோனுக்குப் போனேன். பழைய கூட்டம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அப்பாவும் வந்திருந்தார். தட்டானைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். இருமிவிட்டு ஆரம்பித்தேன். சுப்பு சார்ஜ் போட்டிருந்தாள், முழுசாகப் போட்டிருந்தாள், நான்தான் யாருக்கும் தெரியாமல் எண்ணை மாற்றினேன், விழுந்ததும் பழியை அவள் மேல் போட்டேன் என்று எல்லாம் சொன்னேன். கார்டில் இருந்ததை லேப்டாப்பில் திறந்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னைக்கு என்ன நம்பரு வச்சிருக்க?" என்று கேட்டார். "மூணரை" என்றேன். "அப்பச் சரி, விடு" என்றார்.

நேராகக் கடைசி அடுக்குக்குப் போயிற்று. உட்கார்ந்தது, எழுந்தது. நீ சொன்னபடி ஒவ்வொரு மூட்டையாக வாசலைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. நாற்பத்து மூன்றாவது இடத்தில் மூன்றரை காட்டியது. பழைய பேட்டரி, சூடும் ஏறிவிட்டது. இன்னும் ஐந்துதான் பாக்கி. லேப்டாப் என் மடியில் இருக்கிறது. ஒரே ஒரு எண். விரல் அந்தப் பக்கம் போயிற்று சுப்பு, பொய் சொல்ல மாட்டேன். கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். தட்டான் வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணாச்சி செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அஞ்சு பாக்கி கெடக்கே?" என்றார். "எல்லாம் வாசப் பக்கத்துக் குட்டை அடுக்குண்ணாச்சி, கீழ நின்னே கையால பாத்துரலாம்" என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, ஏற முடியாதத அது பாத்துருச்சு, எட்டுறத நாம பாத்துக்கிருவோம். இது யாரு யோசன?" உன் பெயரைச் சொன்னேன். "சீசனுக்கு வச்சுக்கிருவோம். ஆனா பேட்டரிய அந்தப் புள்ளதான் பாக்கணும். உன்னய நம்பி விடமாட்டேன்." சரியென்றேன். அவர் சொன்னது நியாயம்தானே.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரத்தில் அப்பா, "ரெண்டு வருசமா நானும்ல அந்தப் புள்ளயப் பேசியிருக்கேன். கோயில் வாசல்ல, டீக்கடையில, ஊரு பூராம். சார்ஜு போடத் தெரியாதவளக் கூட்டுச் சேத்தா இப்படித்தான்னு எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கவரில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். "குடு, நான் கொண்டு போறேன்" என்று பக்கத்தில் வந்து நிற்கிறார் அப்பா. நாளைக் காலை மேகமலை பஸ்ஸில் வருகிறார்.

ரோஸ்லின்


மேகமலை, தொழிற்சாலை ஸ்டோர் ரூம்
25 ஆகஸ்ட் 2025

ரோசு,

மாமா வந்தார். டீ குடிக்கிற நேரம். இலை பறிக்கிறவர்கள், மெஷின் ஆட்கள் என்று எண்பது பேர் வாசலில் நின்றிருந்தார்கள். நடுவில் வந்து நின்று, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னார். "ஆத்தா சுப்பு, நீ சார்ஜு போட்டுத்தான் கொண்டாந்த. தப்பு எங்க வீட்டுப் புள்ளது. நான் ஊரெல்லாம் உன்னயத் தப்பாப் பேசிப்புட்டேன். மன்னிச்சுரு ஆத்தா."

இங்கே ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. என்ன சார்ஜ், யாரு இவுக, என்னத்துக்கு இம்புட்டு வயசானவுக மன்னிப்புக் கேட்டாக என்று என்னைப் போட்டுத் துளைக்கிறார்கள். தெரியாத ஊர் என்று வந்தேன், இப்போது எல்லாருக்கும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராக்கம்மாள் அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நான் நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.

மாமாவை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். தொடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டாய் என்ற இடத்தை மறுபடியும் படித்தேன். பிறகு, "அவ வரலையா மாமா?" என்று கேட்டேன். டீயை ஊதிக்கொண்டே, "வராம என்ன, கேட்டுக்கு வெளியதான் நிக்கிறா. நீ மூஞ்சியப் பாப்பியோ மாட்டியோன்னு பயந்துக்கிட்டு அங்கனயே நின்னுட்டா" என்றார்.

ஜன்னலிலிருந்து உன் குடை தெரிகிறது. நான் வந்து கூப்பிடுவேன் என்று எதிர்பார்க்காதே. அழுது வீங்கின மூஞ்சியோடு இன்னொரு தடவை எண்பது பேரைத் தாண்டி நடக்க எனக்குத் தெம்பில்லை. இதை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். நாற்பது அடி தூரத்தில் நிற்பவளுக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா?

உள்ளே வாடி.

சுப்பு